சூழலியல் ஆய்வேடுகள்: அளவையும் துணிபும்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் டாக்டர் பட்டத்திற்கு எழுதப்பெறும் ஆய்வேடுகளுள் சூழலியல் நோக்கில் அமைவன அண்மைக் காலத்தே பெருகி வருகின்றன. சங்க நூல்களையும் பின்னைய இலக்கியங்களையும் சூழல் மண்டலம், உணவுச் சங்கிலி, உயிர்ப்பன்மை முதலான சொற்களைக் கொண்டு ஆராயும் முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் இச்சொற்கள் யாண்டுப் பிறந்தன, எவ்வகைச் சான்றின்மேல் நின்றன, அவற்றைப் படைத்தோர் எத்தகைய தடைவிடைகளுக்கு உட்பட்டனர் என்பவற்றை அறியாமல் ஆள்வோமாயின், சொல் நம்மிடம் வந்து சேரும், பொருள் வாராது. கடன் கொள்வோர் கடனின் அளவையும் அறிதல் வேண்டும்.

ஆகலின் சூழலியல் துறையில் டாக்டர் பட்டத்திற்கென மேற்கொள்ளப்பெற்ற மூன்று ஆராய்ச்சிகளை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஒன்று ஏரியில் நிகழ்ந்தது. ஒன்று ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்தது. ஒன்று காட்டில் நிகழ்ந்தது. மூன்றும் அறிவியல் உலகம் நன்கறிந்தவை. இவற்றை நோக்குதற்கு நம்மிடமே நல்லதொரு கருவி உண்டு. காண்டல், கருதல், உரை என நம் முன்னோர் அளவையை வகுத்தனர். கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவது கருதல். தக்கோர் சொல்லை ஏற்று அறிவது உரை. ஓர் ஆய்வேட்டின் வன்மையும் மென்மையும் இம்மூன்றும் அதனுள் எவ்வாறு இயைந்துள்ளன என்பதைப் பொறுத்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. தூர்ந்துவரும் ஓர் ஏரி

அமெரிக்க நாட்டு மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிசு நகருக்கு வடக்கே, சீடர் பாக் ஏரி என்னும் சிறு நீர்நிலை உள்ளது. ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர். சுற்றிலும் சதுப்பு, அடியில் கருஞ்சேறு, ஆண்டுதோறும் தூர்ந்து நிலமாகிக்கொண்டு வருவது. காட்சிக்கு இனியதென்றோ பயன் மிக்கதென்றோ எவரும் கூறார். இவ்வேரியைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டவர் ரேமண்ட் லிண்டிமன். 1915-இல் அம்மாநிலத்தில் பிறந்த அவர், 1936 முதல் ஐந்தாண்டுகள் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1941-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவர் செய்த பணி பெரிதும் உழைப்பு மிக்கது. பருவந்தோறும் ஏரிக்குச் சென்று நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும், நீர்ப்பூண்டுகளையும், சேற்றில் வாழும் புழுக்களையும், அவற்றைத் தின்னும் உயிர்களையும் திரட்டினார், வகைப்படுத்தினார், எண்ணினார், எடை கண்டார். குளிர்காலத்தில் நீர்ப்பரப்பு உறைந்து பனிக்கட்டியாகும்போது அதனடியில் உயிர்வளி அற்றுப்போகும். அந்நிலையில் எவ்வுயிர் பிழைக்கும், எவ்வுயிர் மடியும் என்பதை ஆய்வுக்கூடத்தில் அதே நிலையை அமைத்துச் சோதித்தார். ஏரி தோன்றிய நாள்தொட்டுத் தூர்ந்து வரும் வரலாற்றையும் ஆராய்ந்தார். களப்பணியில் அவர் துணைவியார் எலினார் உடனிருந்து உதவினார்.

இவ்வளவில் நின்றிருப்பின் அது நல்லதொரு தொகுப்பு ஆய்வேடாக அமைந்திருக்கும். ஒரு புலவர் நூலில் வரும் மரங்களையும் பறவைகளையும் நிரல்படத் தொகுத்துத் தருவது போன்றது அது. அத்தகைய தொகுப்பும் வேண்டுவதே. ஆயின் தொகுப்பு ஒரு வினாவிற்கு விடையாக அமையும்போதே ஆராய்ச்சி நிறைவு பெறுகின்றது. லிண்டிமன் தம் ஆய்வேட்டின் இறுதி இயலில் அவ்வினாவை எழுப்பினார்: இத்தனை உயிர்களும் ஒன்றையொன்று தின்று வாழ்கின்றனவே, இவற்றையெல்லாம் ஒரே அளவுகோலால் அளக்க இயலுமா?

அவருக்கு முன்னரே இங்கிலாந்து அறிஞர் சார்லஸ் எல்ட்டன் 1927-இல் உணவுச் சங்கிலி பற்றி விரித்து எழுதியிருந்தார். தின்னப்படும் உயிர்கள் பல, தின்னும் உயிர்கள் சில எனக் கூம்பு போன்றதோர் அமைப்பை அவர் காட்டினார். ஆயின் எண்ணிக்கையைக் கொண்டு நுண்பாசியையும் மீனையும் ஒப்பிடல் அரிது. கோடிப் பாசிக்கும் ஒரு மீனுக்கும் பொதுவாக உள்ளது யாது? இரண்டினுள்ளும் அடங்கிய ஆற்றல் என்பது லிண்டிமன் கண்ட விடை. ஞாயிற்றின் ஒளியைப் பசுந்தாவரம் கொள்கிறது. தாவரத்தைத் தின்னும் உயிர் அதிலொரு பகுதியைப் பெறுகிறது. அவ்வுயிரைத் தின்னும் மற்றோர் உயிர் அதனினும் சிறு பகுதியைப் பெறுகிறது. இப்படிகளை ஊட்ட நிலைகள் என்பர். ஒவ்வொரு நிலையிலும் அடங்கும் ஆற்றலைக் கலோரியில் கணக்கிட்டால் ஏரி முழுவதற்கும் ஒரு வரவுசெலவுக் கணக்கு எழுதலாம்.

அவர் எழுதிய கணக்கு வருமாறு. ஆண்டொன்றுக்கு ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் விழும் ஞாயிற்றாற்றல் 1,18,872 கலோரி. அதனுள் தாவரங்கள் கைக்கொண்டது 111.3 கலோரி, அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 0.10. தாவரம் தின்பன பெற்றது 14.8 கலோரி, தாவரம் கொண்டதில் நூற்றுக்கு 13.3. அவற்றைத் தின்பன பெற்றது 3.1 கலோரி, அவ்விகிதம் நூற்றுக்கு இருபதைத் தாண்டுகின்றது. இவ்வெண்களை விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா ஏரியின் எண்களோடு அவர் ஒப்பிட்டார். அங்கு முறையே நூற்றுக்கு 0.40, 8.7, 5.5, 13.0 என்றிருந்தன.

மற்றொரு நுட்பமும் இவ்வியலில் உண்டு. ஏரியின் அடிச்சேற்றை ஆராயும்போது, அதில் உயிருள்ளது எது, உயிரற்றது எது எனப் பிரித்தல் இயலாதென அவர் கண்டார். மக்கிய பொருளும் அதனை மக்கச்செய்யும் நுண்ணுயிரும் ஒன்றாய்க் கலந்து கிடக்கின்றன. தாம் வரைந்த உணவுச் சுழற்சிப் படத்தின் நடுவே அச்சேற்றையே வைத்தார். உயிர்க்கூட்டம் வேறு, அதன் இருப்பிடம் வேறு எனக் கொள்வது பொருந்தாதெனவும், இரண்டையும் சேர்த்து ஒன்றாகக் கொள்ளல் வேண்டுமெனவும் துணிந்தார். அவ்வொன்றிற்குச் சூழல் மண்டலம் என நாம் இன்று வழங்கும் பெயரை 1935-இல் ஆங்கில அறிஞர் டான்சிலி முன்னரே இட்டிருந்தார். டான்சிலி தந்த சொல்லுக்கு அளந்தறியத்தக்க பொருளைத் தந்தது லிண்டிமனின் சேறே எனலாம்.

2. தடையும் விடையும்

1941-இல் லிண்டிமன் யேல் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, ஏரியியல் வல்லுநரான ஈவ்லின் ஹட்சின்சனிடம் சேர்ந்தார். அவர்தம் கருத்துகளால் இறுதி இயல் திருத்தமுற்று, கட்டுரை வடிவில் 'எக்காலஜி' என்னும் இதழுக்கு அனுப்பப்பெற்றது. அதனை மதிப்பிட்டோர் சான்சி ஜூடே, பால் வெல்ச் என்னும் இருவர். ஏரி ஆராய்ச்சியில் அக்காலத்துப் பேரறிஞர்கள். இருவரும் கட்டுரையை வெளியிட வேண்டா என்றே எழுதினர்.

அவர்தம் தடை எளிதில் தள்ளற்பாலதன்று. ஓரிரண்டு ஏரிகளின் எண்களைக் கொண்டு எல்லா ஏரிகளுக்கும் விதி கூறலாமோ? கணக்கில் ஊகம் மிகுதி, காட்சி குறைவு அன்றோ? இன்னும் பல ஏரிகளின் செய்திகள் திரண்ட பின்னரன்றோ கொள்கை கூறுதல் தகும்? இவையே தடையின் சாரம். உண்மையில் லிண்டிமனின் எண்களுள் பல நேரே அளக்கப்பெற்றவையல்ல. உயிர்கள் மூச்சுவிடுதலாலும் மக்குதலாலும் இழக்கும் ஆற்றலை வேறு ஆய்வாளர் கண்ட அளவுகளிலிருந்து அவர் மதிப்பிட்டே சேர்த்தார். ஞாயிற்றொளியின் அளவை இரண்டு ஏரிகளுக்கும் ஒன்றாகவே கொண்டார். மெண்டோட்டா ஏரியின் எண்களோ தடை கூறிய ஜூடேயின் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தாளப்பெற்றவை. தாம் பல்லாண்டு உழைத்துத் திரட்டிய செய்திகளிலிருந்து இளையர் ஒருவர் பெருங்கொள்கை கூறுவதை அவர் ஏற்கவில்லை.

ஹட்சின்சன் இதழாசிரியர் தாமஸ் பார்க்குக்கு விடை எழுதினார். செய்தி திரளட்டும், பின்னர்க் கொள்கை கூறலாம் எனக் காத்திருப்பின், எச்செய்தியைத் திரட்டுவது என்பதே புலப்படாது. கொள்கை முன்னிற்பின் அதனை மெய்ப்பிக்கவும் பொய்ப்பிக்கவும் வேண்டிய செய்தி இன்னதெனத் தெளிவாகும் என்பது அவர் பக்கத்து வாதத்தின் கருத்து. இதழாசிரியர் இருதிறத்தையும் எண்ணிப் பார்த்தார். தவறாயின் காலம் அதனைக் களைந்துவிடும் என்னும் துணிவோடு, திருத்தங்களின் பின் கட்டுரையை 1942-இல் ஏற்றுக்கொண்டார்.

அக்கட்டுரை 1942 அக்டோபரில் வெளிவந்தது. லிண்டிமன் அதனைக் காணவில்லை. கல்லீரல் நோயுற்று 1942 சூன் 29-ஆம் நாள், இருபத்தேழாம் வயது நிரம்புமுன் அவர் மறைந்தார். ஹட்சின்சன் கட்டுரையின் இறுதியில் இரங்கற் குறிப்பொன்றைச் சேர்த்தார்.

பின்னர் நிகழ்ந்தது யாது? காலம் இருதரப்பிற்கும் விடை கூறியது. ஆற்றலைக் கொண்டு சூழல் மண்டலத்தை அளக்கலாம் என்னும் அடிப்படை நிலைபெற்றது. ஹட்சின்சனிடமே 1951-இல் டாக்டர் பட்டம் பெற்ற ஹோவர்ட் ஓடம், புளோரிடா மாநிலத்துச் சில்வர் ஸ்பிரிங்ஸ் நீரூற்றில் ஆற்றலின் வரவுசெலவை விரிவாக அளந்து 1957-இல் வெளியிட்டார். மற்றொருபுறம், மேனிலை உயிர்கள் செல்லச்செல்ல ஆற்றலை மிகுந்த திறத்தோடு பெறுகின்றன என்று லிண்டிமன் கூறிய பொதுவிதி எங்கும் பொருந்துவதாக நிலைபெறவில்லை. மெண்டோட்டாவின் எண்களே அதற்கு முழுதும் இணங்காமை மேலே கண்டோம். ஆக, தடை கூறியோரின் ஐயம் ஒரு கூற்றில் மெய்யாயிற்று. விடை கூறியோரின் துணிவு ஒட்டுமொத்தத்தில் மெய்யாயிற்று. காண்டலும் கருதலும் ஒன்றையொன்று திருத்தி வளர்ந்தன என்க.

3. உரையால் விளைந்த வழு

இங்குத் தமிழாய்வாளர் சிறப்பாக நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. ஓர் ஊட்ட நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்லும் ஆற்றல் நூற்றுக்குப் பத்தே என்பது பத்து விழுக்காட்டு விதி எனப்படும். 1942-இல் லிண்டிமன் வகுத்த விதி இது எனப் பள்ளிப் பாடநூல்கள் கூறுகின்றன. தேர்வுகளிலும் வினவப்படுகின்றது. ஆயின் அவர்தம் அட்டவணையில் உள்ள எண்களை மேலே தந்துள்ளோம். உயிர்நிலைகளுக்கிடையே 5.5 முதல் இருபதுக்கு மேல் வரை அவை வேறுபடுகின்றன. அவர் கூறவந்ததோ மேனிலையில் அவ்விகிதம் உயரும் என்பது. எல்லா நிலைக்கும் பத்து என்னும் நிலையான எண், பின்வந்தோர் சராசரி நோக்கி எளிமைப்படுத்தியது; மூல நூலாசிரியரின் கூற்று அன்று.

மூலபாடத்தை நோக்காமல் உரையாசிரியர் கூற்றை நூலாசிரியர்மேல் ஏற்றும் வழு இலக்கிய உலகிற்கே உரியது என்று எண்ண வேண்டா. எண்ணும் அளவும் ஆளும் துறையிலும் அது நிகழ்கின்றது. உரை என்னும் அளவை, தக்கோர் சொல் என்பதால் மட்டும் நிற்பதன்று. அவர் அதனைச் சொன்னாரா என்பதனாலும் நிற்பது.

4. இரு பாசிகளின் போட்டி

இரண்டாவது ஆராய்ச்சி டேவிட் டில்மன் என்பவருடையது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1976-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். லிண்டிமன் ஏரி முழுவதையும் நோக்கினார். டில்மன் மிகச் சுருங்கிய வினா ஒன்றையே எடுத்தார். ஒரே உணவிற்குப் போட்டியிடும் இருவகை உயிர்களுள் எது வெல்லும் என்பதைப் போட்டி நிகழுமுன்னரே கூற இயலுமா என்பது அது.

டையட்டம் எனப்படும் நுண்பாசிகளுள் இரண்டை அவர் கொண்டார். இரண்டிற்கும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் இன்றியமையாதன. முதலில் ஒவ்வொன்றையும் தனித்து வளர்த்து, எவ்வளவு குறைந்த ஊட்டத்தில் எவ்வளவு விரைவில் வளர்கின்றது என அளந்தார். ஒன்று பாஸ்பேட்டுக் குறைவைத் தாங்குவது. மற்றொன்று சிலிக்கேட்டுக் குறைவைத் தாங்குவது. இவ்வளவுகளைக் கொண்டே முடிவை முன்னுரைத்தார்: இரண்டிற்கும் பாஸ்பேட்டுத் தட்டுப்படின் முதலது வெல்லும், சிலிக்கேட்டுத் தட்டுப்படின் மற்றது வெல்லும், ஒவ்வொன்றிற்கும் வெவ்வேறு ஊட்டம் தட்டுப்படின் இரண்டும் ஒருங்கே வாழும். பின்னர் இரண்டையும் ஒரே கலத்தில் பல்வேறு விகிதங்களில் வளர்த்துப் பார்த்தபோது முடிவுகள் பெரிதும் அவ்வாறே அமைந்தன. 1976-இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது.

லிண்டிமன் கண்டபின் கருதினார். டில்மன் கருதியபின் கண்டார். பொய்யாகக் கூடிய ஒன்றை முன்னரே கூறி, அதனைச் சோதனைக்கு விடுதல் இவ்வகை ஆய்வேட்டின் சிறப்பு.

டில்மன் பின்னர் மின்னசோட்டாவில் பணியேற்று, லிண்டிமனின் ஏரி அமைந்த அதே சீடர் கிரீக் நிலப்பகுதியில் நெடுங்கால ஆராய்ச்சியை நடத்தினார். 1987, 1988-ஆம் ஆண்டுகளில் அங்குக் கடும் வறட்சி வந்தது. செடிவகை மிகுந்த பாத்திகள் வறட்சியை நன்கு தாங்கின என 207 பாத்திகளை ஆராய்ந்து அவரும் ஜான் டவுனிங்கும் 1994-இல் எழுதினர். இதற்கும் தடை எழுந்தது. அப்பாத்திகளுள் வகை குறைந்தமைக்குக் காரணம் அவற்றிற்கு இடப்பெற்ற நைட்ரசன் உரமே. ஆகவே விளைவு வகையால் வந்ததா, உரத்தால் வந்ததா எனத் துணிதல் எங்ஙனம் என வினவினர். 1994-இல் அங்குத் தொடங்கிய பெருஞ்சோதனையோ வேறு முறையில் அமைந்தது. 1, 2, 4, 8, 16 எனச் செடிவகைகளின் எண்ணிக்கையையே முன்னரே வகுத்துப் பாத்திகளில் விதைத்தனர். உரத்தால் நேரும் ஐயத்திற்கு இடமின்றி வகையின் விளைவைக் காண அது வழிசெய்தது. நல்ல தடைக்கு விடை சொல்லால் மட்டும் அமைவதன்று. புதிய காண்டலால் அமைவது.

5. காட்டின் அடியில்

மூன்றாவது, கனடா நாட்டுச் சுசான் சிமார்ட் என்பவரின் ஆராய்ச்சி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்கென அவர் இதனை மேற்கொண்டார். களம் பிரிட்டிஷ் கொலம்பியாக் காடு. மரவேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள் உள. ஒரே பூஞ்சையின் இழைகள் இருமரங்களின் வேரையும் பற்றியிருக்கும். அவ்விழைகளின் வழியே ஒரு மரத்தின் உணவுப்பொருள் மற்றொரு மரத்திற்குச் செல்லுமோ என்பது வினா.

பிர்ச், டக்ளஸ் ஃபர் என்னும் இருவகை மரக்கன்றுகளைப் பைகளால் மூடி, ஒன்றிற்குக் கார்பன்-13 கலந்த வளியும் மற்றதற்குக் கார்பன்-14 கலந்த வளியும் செலுத்தினார். ஒன்றில் இட்ட அடையாளம் மற்றதில் காணப்படின், கார்பன் இடம் பெயர்ந்தது தெளிவாம். இருபுறமும் கார்பன் சென்றது. ஃபர் மரம் நிகரமாகப் பெற்றது, ஒளிச்சேர்க்கையால் கொண்ட அடையாளக் கார்பனில் சராசரி நூற்றுக்கு 6. நிழல் மிகுந்த ஃபர் கன்றுகள் மிகுதியாகப் பெற்றன. அவ்வகைப் பூஞ்சை இல்லாத சீடர் கன்றுகளையும் அருகே வைத்து ஒப்புநோக்கினார். 1997-இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்து உலகின் கருத்தை ஈர்த்தது.

பின்னர் இது மக்கள் வழக்கில் வேறு வடிவம் கொண்டது. மரங்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன, தாய்மரம் தன் சேய்களை ஊட்டி வளர்க்கிறது என்னும் அளவிற்கு நூல்களும் படங்களும் கூறலாயின. 2023-இல் மூவர் எழுதிய திறனாய்வொன்று, இத்தகைய கூற்றுகள் பலவற்றிற்குக் காட்டில் கண்ட சான்று போதாது எனவும், அறிவியற் கட்டுரைகளுமே முன்னோர் முடிவை மிகைபட எடுத்தாண்டுள்ளன எனவும் காட்டியது. அம்மூவருள் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர்களுள்ளும் ஒருவர். தாம் பங்குகொண்ட ஆராய்ச்சியின் எல்லையைத் தாமே வரையறுத்துக் காட்டிய அச்செயல் ஆராய்ச்சி அறத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

6. தமிழாய்வுக்கு இவற்றால் வரும் பயன்

மூன்று ஆய்வேடுகளையும் ஒருங்கே நோக்குவோர்க்குச் சில கருத்துகள் புலனாகும்.

முதலாவது, களம் சிறிதாக இருத்தல் குறையன்று. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏரியும், ஒரு கலத்து நீரும், சில மரக்கன்றுகளும் பெருவினாக்களுக்கு இடமளித்தன. ஐந்திலக்கியப் பெயரைத் தலைப்பில் அடுக்குவதினும் ஒரு நூலை ஒரு வினாவோடு அணுகுதல் மேலானது.

இரண்டாவது, துணிபு எவ்வளவு காண்டலின்மேல் நிற்கின்றது என்பதை ஆய்வாளரே கூறிவிடல் வேண்டும். லிண்டிமனின் எண்களுள் எவை அளந்தன, எவை மதிப்பிட்டன என்பது அவர் கட்டுரையிலேயே தெரியும். அதனாலன்றோ பின்வந்தோர் அதனைத் திருத்த இயன்றது!

மூன்றாவது, சொற்களைக் கடன்கொள்வது பற்றியது. தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பில் நிலமும் பொழுதும் முதற்பொருளாகவும், உணவும் விலங்கும் மரமும் பறவையும் தொழிலும் கருப்பொருளாகவும் அமைதலைக் கண்டு, இதுவே சூழல் மண்டலக் கோட்பாடு என்று எழுதுவோர் உளர். நிலத்தையும் உயிரையும் மக்கள் வாழ்வையும் ஒருங்கே வைத்து நோக்கிய பார்வை நம் முன்னோர்க்கு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் திணைப் பகுப்பின் நோக்கம் பாட்டின் பொருளை அமைத்தல். உரிப்பொருளே அதன் உயிர். சூழல் மண்டலம் என்னும் கருத்தின் உயிரோ ஆற்றலின் அளந்தறியத்தக்க வரவுசெலவு. இரண்டையும் ஒப்பிடலாம், ஒன்றெனல் ஆகாது. ஒன்றென்று கூறுங்கால் திணையும் தன் தனிச்சிறப்பை இழக்கும், சூழல் மண்டலமும் தன் பொருளை இழக்கும்.

முடிவுரை

ஆய்வேடு என்பது பட்டத்தோடு முடிவதன்று. லிண்டிமனின் இறுதி இயல் அவருக்குப்பின் வந்தோரால் சோதிக்கப்பெற்று, ஒருபாற் கொள்ளப்பெற்று, ஒருபாற் களையப்பெற்று இன்றும் வாழ்கின்றது. அவ்வாறு சோதிக்க இடந்தருமாறு எழுதப்பெற்றமையே அதன் வாழ்வுக்குக் காரணம். சூழல் நோக்கில் தமிழிலக்கியத்தை ஆராயப் புகும் மாணவர், தம் துணிபு எக்காண்டலின்மேல் நிற்கின்றது, எச்சான்று கிடைப்பின் அது வீழும் என்னும் இரு வினாக்களையும் தம் ஆய்வேட்டின் முதல் இயலிலேயே எழுதி வைப்பாராக. அவற்றிற்கு விடை கூற வல்ல ஆய்வேடே பின்வருவோர்க்குப் படியாக அமையும்.